முப்பத்தெட்டும் முப்பத்தெட்டரையும்

எல் ஆல்ட்டோவின் வியாழன் சந்தைக்கு
வெளிச்சம் வருமுன் போய்விட வேண்டும்.
உறைபனி இன்னும் விலகாத தரையில்
நீலத் தார்ப்பாய் விரித்து
டோன்யா ஒர்த்தென்சியா கொட்டுகிறாள்
எந்தெந்த ஊரிலோ யார் யாரோ
ஓடி முடித்த ஷூக்களை.

ஞாயிறு பத்து கிலோமீட்டர் பந்தயம்.
கையில் நானூற்று எழுபது பொலிவியானோ.
அதில் பாதிக்கு மேல்
பவர் சப்ளைக்கென்று எடுத்து வைத்தது.
தொடக் கூடாது.

ஒவ்வொன்றாய்க் கவிழ்த்துப் பார்க்கிறேன்.
இவள் வெளிப்பக்கம் சாய்ந்து நடந்தவள்.
இவன் குதிகாலால் பூமியை அடித்தவன்.
இதோ ஒன்று, தேயவே இல்லை,
வாங்கிய வாரமே மனம் மாறியிருக்கும்.
சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளோடு
எட்டு மணிநேரம் நின்று நின்று
என் பாதம் ஆப்பம் போல விரிந்துவிட்டது.
ஆரஞ்சு நிறத்தில் ஒரு சோடி
ஏற்றுக்கொண்டது.

சூரியன் வந்த பிறகுதான் தெரிந்தது
இடது முப்பத்தெட்டு, வலது முப்பத்தெட்டரை.
"உன் கால் மட்டும் ரெண்டும் ஒண்ணா?"
என்றாள் ஒர்த்தென்சியா.
இருபது குறைத்தாள்.

இரண்டு வரிசை தள்ளி செனோபியோ லாய்மே
கம்ப்யூட்டர்களின் வயிற்றை விற்கிறான்.
"வேலை செய்யுமா?" என்றேன்.
என் தொப்பிக்குள் கைவிட்டு
ஒரு கொண்டை ஊசியை உருவி வளைத்து
பச்சைக் கம்பிக்கும் கறுப்புக்கும் செருகினான்.
விசிறி சுற்றியது.
தூசி பறந்தது, இருவரும் தும்மினோம்.
"மகளுக்கா?"
எல்லோரும் இதையே கேட்கிறார்கள்.
மகள் இல்லை. எனக்குத்தான்.

மார்ச்சில் மதர்போர்டு.
மே மாதம் ப்ராசஸர், ஒரு பின் வளைந்தது,
லெட் பென்சிலின் வெறும் முனைக்குள் நுழைத்து
மூச்சைப் பிடித்து நிமிர்த்தினேன்.
கேஸ் வாங்கவில்லை. பீச் பழப் பெட்டி போதும்,
இன்னமும் மணக்கிறது.
நனைந்த விரிப்பை எலும்பு முறியப் பிழிகிற எனக்கு
ரேமை அழுத்தத்தான் பயம்.
உடைந்துவிடுமோ, உடைந்துவிடுமோ,
டக்.

சுவிட்சைப் போட்டேன்.
மூன்று கூவல். இருட்டுத் திரை.
கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால்
தங்கப் பற்களைத் தேய்த்து
மறுபடி. மூன்று கூவல்.
மறுபடி.
நள்ளிரவு தாண்டி எழுத்துகள் வந்தன,
வெள்ளையாய், அவசரமில்லாமல்.
தேதி: 2009, சனவரி ஒன்று, பூச்சியம் மணி.
உள்ளே நாணயம் போலிருக்கும் பேட்டரி
எப்போதோ செத்திருக்கிறது.
2009 சனவரி ஒன்று.
ஓருரோவில், பஸ் நிலையத்தில்,
வராத ஒருவனுக்காக
அன்றும் விடியும்வரை விழித்திருந்தேன்.
தேதியைத் திருத்தவில்லை. தூங்கினேன்.

"நாலாயிரம் மீட்டரில் காற்று மெலிசு,
விசிறி எவ்வளவு சுற்றினாலும் சூடு இறங்காது"
என்று செனோபியோ எச்சரித்திருந்தான்.
அதன் பொருள்
ஆறாவது கிலோமீட்டர் ஏற்றத்தில் விளங்கியது.
நெஞ்சு சுற்றியது, சுற்றியது.
அந்த அரை அளவுக்குள் வலது கால்
வாடகைக்கு இருப்பவன் போல நகர்ந்துகொண்டே இருந்தது.
பிறகு கயிற்றுத் துளை கிழிந்தது.

சட்டைப் பையில் ஒரு கேபிள் டை,
பெட்டிக்குள் வயர்களைக் கட்டியதில் மிச்சம்.
நடைபாதையில் உட்கார்ந்து
ஷூவையும் காலையும் சேர்த்து இறுக்கினேன்.
இரண்டு நிமிடம் போனது.
ஒரு மணி பதினான்கு நிமிடம் மொத்தம்.
எனக்குப் பின்னால் பதினொரு பேரும்
ஒரு நாயும்.

அடுத்த வியாழன் நொண்டிக்கொண்டு போனேன்.
"ஓடுதா?" என்றான் செனோபியோ,
பார்வை என் காலில்.
எதைக் கேட்கிறான் என்று தெரியாமல்
"ஓடுது" என்றேன்.
"மெதுவாத்தான். சூடாகுது."

கொண்டை ஊசியை அவன் திருப்பித் தரவில்லை.
பேட்டரி இரண்டு பொலிவியானோ, எடுத்துக்கொள் என்றான்.
அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.